மணலில் விரித்த பாய்

போன கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பேரன் இங்கிலாந்திலிருந்து புன்னக்காயலுக்கு வந்திருந்தான். ஒரு சாயங்காலம் முற்றத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, பையிலிருந்து உள்ளங்கைக்குள் அடங்குகிற பித்தளைக் கிண்ணம் ஒன்றை எடுத்தான். ஸ்வீடன் நாட்டு டிராஞ்சியா அடுப்பாம். தூத்துக்குடியில் வாங்கிவந்த ஸ்பிரிட்டை அதில் ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினான். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாக ஒரு சுடர் எழுந்தது. "கரண்டு, கேஸ் ஒண்ணும் இல்லாத இடத்துல இதுலதான் தாத்தா சமைப்போம்" என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த வாடை என் மூக்கில் ஏறிவிட்டது. பெட்ரோமாக்ஸ் வாடை.

பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பற்றவைக்க முதலில் வேண்டியது மண்ணெண்ணெய் அல்ல, ஸ்பிரிட்தான். மேண்டிலுக்குக் கீழே இருக்கும் சின்னக் கிண்ணத்தில் அளவாக ஊற்றி எரியவிட வேண்டும். அந்தச் சூட்டில் குழாய் பழுத்தால்தான், பம்ப் அடிக்கும்போது மண்ணெண்ணெய் ஆவியாகி மேலே ஏறும். அவசரப்பட்டுப் பம்ப் அடித்தால் மஞ்சள் தீ குபீரென்று எழும்பிக் கண்ணாடி கரியாகிவிடும். எங்கள் சித்தப்பாவுக்கு அந்தப் பொறுமை உண்டு. மேண்டில் வெள்ளை வெளேரென்று பூக்கும்வரை அவர் யாரிடமும் பேச மாட்டார். வருஷத்தில் பெரும்பகுதி அந்த விளக்கு துணி சுற்றிப் பரணில் கிடக்கும். அது கீழே இறங்கினால் மணப்பாட்டுத் திருவிழா வந்துவிட்டது என்று அர்த்தம்.

செப்டம்பர் 14ஆம் தேதி மணப்பாடு திருச்சிலுவைக் கோவில் திருவிழா. கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மணல் குன்றின் மேல் 1581ல் கட்டிய கோவில் அது. புயலில் சிக்கி வந்த போர்த்துக்கீசியக் கப்பலின் உடைந்த பாய்மரத்திலிருந்து செய்த சிலுவையை அங்கே நட்டார்கள் என்பது கரையில் சின்னப் பிள்ளைகளும் சொல்லும் வரலாறு. குன்றின் அடியில் ஒரு குகை. 1542ல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிய இடம் என்று இன்றும் அதற்குள் போய் முழந்தாளிட்டு ஜெபிக்கிறார்கள்.

அம்மாவும் ஆச்சியும் மற்றப் பெண்களும் மாட்டு வண்டியில் ஆத்தூர், ஆறுமுகநேரி, திருச்செந்தூர் வழியாகப் போவார்கள். ஆண்களும் வளர்ந்த பையன்களும் வள்ளத்தில். வள்ளத்தில் ஏறும் வயது வந்துவிட்டது என்று அப்பா சொன்ன வருஷம் எனக்குப் புதுச் சட்டையைவிட அதுதான் பெரிதாக இருந்தது. தாமிரபரணி கடலில் சேரும் வாயில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். வெள்ளம் ஏறி நிற்கும் நேரம் பார்த்துத்தான் வள்ளத்தை வெளியே எடுக்க முடியும். நடுச்சாமம் தாண்டிக் கரைக்காற்று விழும். நிலம் குளிர்ந்ததும் கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் காற்று அது. பகலில் தெற்கே போக விடாமல் எதிர்த்து நிற்கும் கச்சான் அப்போது அடங்கியிருக்கும். ஆஞ்சான் கயிற்றை இழுத்துப் பாயை ஏற்றினால் காயல்பட்டினம், திருச்செந்தூர் கோபுரம், இன்று இஸ்ரோ ஏவுதளம் கட்டிக்கொண்டிருக்கும் குலசேகரப்பட்டினம் எல்லாம் வலதுகைப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாகக் கழியும். முப்பது கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட இருக்கும் அந்தத் தூரம். விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் மணப்பாட்டுக் குன்று தெரியும். வள்ளத்திலிருந்த எல்லோரும் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

அங்கே எங்களுக்கு வீடும் இல்லை, சத்திரமும் இல்லை. மணல்தான். வந்த வள்ளமே வீடாக மாறும். துடுப்புகளைக் குறுக்கே கட்டி நிறுத்தி, மேலே பாய் தொங்கும் பருமல் கட்டையைக் கிடத்தி, பாயை இரண்டு பக்கமும் இழுத்து விரித்துவிட்டால் கூடாரம். ஓரங்களை மணலுக்குள் புதைத்து மேலே நங்கூரக் கல்லையும் அரிசி மூட்டையையும் தூக்கி வைப்போம். அந்தப் பாய்க்குள் படுத்தால் உப்பும் மீனும் தேங்காய் நாரும் கலந்த ஒரு மணம் இருக்கும். எனக்கு இன்றைக்கும் தூக்கத்தின் மணம் அதுதான்.

தண்ணீர் விஷயத்தில் ஆச்சிதான் தலைவி. ஒரு குடம் தண்ணீர் மட்டும் வள்ளத்தில் வரும். மற்றதெல்லாம் அங்கே ஊற்றுத் தோண்டித்தான். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீரா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். திருச்செந்தூர் நாழிக்கிணறே அப்படித்தானே. மழைத்தண்ணீர் மணல்மேட்டுக்குள் இறங்கிச் சேர்கிறது. அது உப்புத்தண்ணீரைவிட லேசானது. அதனால் உள்ளே இருக்கும் கடல் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. இந்த விஞ்ஞானத்தைப் பிற்பாடு கல்லூரியில் படித்தேன். ஆச்சி அதைக் கையால் அறிந்து வைத்திருந்தாள். குன்றின் கரைப்பக்கத்து இறக்கத்தில், புல் பசுமையாக நிற்கும் பள்ளமாகப் பார்த்து உட்கார்ந்து சிரட்டையால் தோண்டுவாள். ஈரம் வந்து, கசிந்து, கலங்கிய தண்ணீர் ஊறும். முதல் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டுத் தெளியக் காத்திருக்க வேண்டும். நான் ஆசையில் இன்னும் ஆழமாகக் குடையப் போவேன். "ஏலே, போதும்ல. இன்னும் உள்ள போனா கரிச்சிரும்" என்று கையைப் பிடித்துக்கொள்வாள். மேலாக, மெதுவாக, உழக்கு உழக்காக மோந்தால் நாள் முழுக்க நல்ல தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். ஒரே மூச்சில் குடம் குடமாக இறைத்தால் மதியத்துக்குள் உப்பாகிவிடும். பக்கத்தில் எந்த ஊர்க்காரர் வந்து இறங்கினாலும் முதலில் ஊற்றைக் காட்டுவார்கள். இன்னார் சாதி, இன்னார் ஊர் என்று அங்கே யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எல்லோருமே ஒரே மணலின் தண்ணீரைக் குடிக்க வந்தவர்கள்.

அந்தத் தண்ணீருக்கு ஒரு வரிசை உண்டு. குடிக்க, அடுத்து உலை வைக்க. அரிசி கழுவிய தண்ணீர் வண்டி மாடுகளுக்கு. பாத்திரம் தேய்க்க மணலும் கடலும். ஒரு சொட்டும் இரண்டு வேலை செய்யாமல் கீழே போகாது. வீட்டில் கிணற்றடியில் தண்ணீரை வாரி இறைக்கும் நாங்கள் அங்கே போனதும் தானாகச் சுருங்கிவிடுவோம்.

அடுப்புக்கு மூன்று கல் தேடினால் கிடைக்காது. குழி தோண்டி, காற்று வரும் பக்கம் மணலை மேடாக்கி, சில்லாட்டையைப் பொத்தித் தீ வைத்து, பனைமட்டையும் காய்ந்த உடைமுள்ளும் போட்டு எரிப்போம். உடைமுள் நின்று எரியும், தணலும் பிடிக்கும். அந்தத் தணலில் சுட்ட சாளை மீன், சோறு, புளிக்குழம்பு, சிப்பத்திலிருந்து உடைத்த கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைத்த காப்பி. மண்பானையில் மிச்சமிருக்கும் சோற்றில் ராத்திரியே தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவார்கள். காலையில் நீராகாரத்தில் கொஞ்சம் கடற்காற்றும் கலந்திருக்கும்.

படுப்பதற்கும் ஒரு முறை இருந்தது. மணலில் நேராகப் படுத்தால் காலையில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இடுப்பு வரும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம், தலை வரும் இடத்தில் ஒரு மேடு செய்துகொண்டு அதன்மேல் ஓலைப் பாயை விரிக்க வேண்டும். முன்னிரவில் மணலுக்குள் பகல் சூடு இருக்கும். பின்னிரவில் குளிர்ந்துபோகும். அந்த நேரத்தில் யார் போர்வையை யார் இழுக்கிறார்கள் என்று தெரியாமல் நாலைந்து பிள்ளைகள் ஒன்றாகச் சுருண்டு கிடப்போம்.

சமையலும் செபமாலையும் முடிந்ததும் சித்தப்பா பெட்ரோமாக்ஸை அணைத்துவிடுவார். உஸ்ஸென்ற அந்தச் சத்தம் நின்றதும் கடல் சத்தம் பக்கத்தில் வந்துவிடும். கண் பழகக் கொஞ்ச நேரம் எடுக்கும். பிறகு வானம் முழுக்க வெள்ளிகள். எங்கள் பக்கம் நட்சத்திரத்தை வெள்ளி என்றுதான் சொல்வோம். அப்பா மல்லாந்து படுத்தபடி ஒவ்வொன்றாகக் காட்டுவார். விடிவெள்ளிக்கு முன்னால் எழுந்து ஆளை ஏமாற்றும் ஒன்றுக்கு, செட்டியைக் கொன்ற வெள்ளி என்று பெயர். விடிந்துவிட்டது என்று நம்பி மூட்டையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட செட்டியார் ஒருவர் இருட்டில் கள்ளர் கையில் மாட்டினாராம். அந்தக் கதையைக் கேட்ட பிள்ளை எவனும் வெள்ளியை மாற்றிச் சொல்ல மாட்டான். கடிகாரம் கட்டாத மனிதர் அப்பா. கரைக்காற்று எப்போது விழும், வள்ளத்தை எப்போது தள்ளலாம் என்பதெல்லாம் அவருக்கு மேலே எழுதியிருந்தது.

தாத்தா எங்களோடு வந்த வருஷங்களில் பேச்சு முத்துச் சிலாபத்துக்குப் போய்விடும். முத்துக்குளிப்பு நடக்கும் காலத்தில் வெறும் கரையில் ஓர் ஊரே முளைக்கும் என்பார். ஓலைக் குடிசைகள், தெருக்கள், கடைகள், குளிகாரர்கள், முத்து வாங்க வந்த வியாபாரிகள். குளி முடிந்ததும் காற்று ஓலையைக் கொண்டுபோகும், மணல் மறுபடி மணலாகிவிடும். தூத்துக்குடிக் கரையில் 1955 முதல் 1961 வரை நடந்த சிலாபங்கள்தான் கடைசி. அதற்குப் பிறகு முத்துப் பார்கள் தேறவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் மறிச்சுக்கட்டியில் 1906ல் நடந்த முத்துக்குளிப்பில் இளம் ஆங்கில அதிகாரி ஒருவர் வேலை பார்த்தார். லெனார்டு உல்ஃப் என்று பெயர். பிற்பாடு எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃபின் கணவரானவர். சிப்பிகள் அழுகும் கொட்டுகளுக்கு நடுவே ராப்பகலாகக் கிடந்த அந்த நாட்களைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 'குரோயிங்' என்ற அந்த நூல் வெளிவந்தது 1961ல். இங்கே சிலாபம் ஓய்ந்த அதே வருஷம்.

வெறுந்தரையில் படுக்கிற பழக்கத்தை வெகுகாலம் கழித்து இங்கிலாந்தில் மறுபடி பார்த்தேன். மகள் வீட்டுக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். ஜூன் மாதம். "டென்ட் போட்டுத் தங்கப் போறோம், நீங்களும் வாங்கப்பா" என்று டெவன் பக்கம் டார்ட்மூர் ஓரத்தில் ஒரு பண்ணை வயலுக்கு மருமகன் கூட்டிக்கொண்டு போனார். மின்சாரம் கிடையாது. வேலி ஓரத்தில் ஒரே ஒரு குழாய். ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் விழுந்தது. அதற்குப் பிறகும் வெகுநேரம் வெளிச்சம் போகாமல் நின்றது. ராத்திரியைக் காத்திருந்து பெறவேண்டிய ஊர் அது.

நம் மணலுக்கும் அந்த மண்ணுக்கும் பெரிய வித்தியாசம். அங்கே குளிர் மேலேயிருந்து வருவதைவிடக் கீழேயிருந்து அதிகம் வருகிறது. புல்லின் ஈரம் முதுகு வழியாக எலும்புக்குள் ஏறுகிறது. போர்வையைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம் என்று மருமகன் கனத்த பாய்களை அடுக்கினார். ஓடைத் தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. ஆனால் மேலே ஆடுகள் மேய்வதால் காய்ச்சாமலோ வடிகட்டாமலோ குடிக்கக் கூடாது என்றார்கள். பேரன் காற்றின் பக்கம் பார்த்துக் கூடாரத்தின் முதுகைத் திருப்பி வைத்தான். மேடான இடமாகப் பார்த்து முளை அடித்தான். அவனுக்கு யாரும் மணப்பாட்டைக் காட்டியதில்லை. ஆனாலும் அப்பா செய்ததைத்தான் செய்துகொண்டிருந்தான். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு என் கையைத் தொட்டாள். விடியற்காலையில் மூடுபனிக்குள் ஆடுகள் செருமும் சத்தம் கேட்டுக் கண்விழித்தபோது, கடல் இல்லாத குறை ஒன்றுதான் தெரிந்தது.

அந்த நாட்டில் பெரும்பாலான இடங்களில் நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் கூடாரம் போட முடியாது. டார்ட்மூர் பொதுநிலம் மட்டும் விலக்கு. 1985ல் இயற்றிய சட்டம், திறந்தவெளியில் பொழுதுபோக்கும் உரிமையை மக்களுக்குக் கொடுத்திருந்தது. தூங்குவது அந்தப் பொழுதுபோக்கில் சேருமா என்று நில உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் சேராது என்று தீர்ப்பு வந்தது. ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் மக்கள் பக்கமே முடித்துவைத்தது. ஒரு ராத்திரி மண்ணில் படுக்கும் உரிமைக்காக அவர்கள் ஊர்வலம் போனார்கள், வழக்கு நடத்தினார்கள். அதைக் கேட்டபோது எனக்கு மரியாதை வந்தது. பேரன் அந்த மேட்டுநிலத்தில் தங்கும்போது பொழுது சாய்ந்து போய், விடிந்ததும் கிளம்பி, தின்ற பழத்தோலைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறான். படுத்த தடம் புல்லில் மட்டும்தான் கொஞ்ச நேரம் இருக்கும்.

எங்கள் கரையில் அந்த உரிமையை யாரும் பறிக்கவில்லை. நாங்களாகவே விட்டுவிட்டோம். பாய்மரம் போய் இஞ்சின் வந்தது, மரவள்ளம் போய் பைபர் படகு வந்தது. பாய் இல்லாத படகில் கூடாரத்துக்கு என்ன செய்வது? சுனாமிக்குப் பிறகு கரையில் படுக்கப் பெண்கள் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. இப்போது திருவிழாவுக்கு வேன் பேசிப் போகிறார்கள். பூசை கண்டு, சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்து, ராத்திரியே திரும்பிவிடுகிறார்கள். தீவுகளின் கதை வேறு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் மீன்பிடிக்கப் போனவர்கள் முன்பெல்லாம் இறங்கிச் சமைத்துத் தங்குவார்கள். 1986ல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாயின. இப்போது இஷ்டத்துக்கு இறங்க முடியாது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டியே விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போன பிறகு, அந்தக் கட்டுப்பாடு சரி என்றுதான் நான் சொல்வேன்.

விட்டுவிட்டது என்ன என்பது 2023 டிசம்பரில் தெரிந்தது. 17ஆம் தேதி தொடங்கிய மழை, மறுநாள் காலைக்குள் பக்கத்துக் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் கொட்டியது. மேலேயிருந்து தாமிரபரணி கரைபுரண்டு வந்தது. ஆறு முடியும் இடத்தில் இருப்பவர்கள் நாங்கள். மேட்டில் பெய்ததெல்லாம் எங்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். சாலை அறுந்து ஊர் தீவாகிவிட்டது. மின்சாரம் இல்லை. செல்போன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மோட்டார் ஓடாததால் மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை. சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். என் மனைவி வெளுத்த வேட்டி ஒன்றை எடுத்து நான்கு முனையையும் மாடித் தூண்களில் கட்டி, நடுவில் கழுவிய கல் ஒன்றை வைத்து, கீழே குடத்தை வைத்தாள். மழை வேட்டியில் விழுந்து, கல் இருக்கும் பள்ளத்துக்கு ஓடி, குடத்துக்குள் நூலாக இறங்கியது. கடலில் தண்ணீர் தீர்ந்துபோனால் அப்பா பாயை இப்படித்தான் தொய்யவிட்டு மழை பிடிப்பார். சற்று நேரத்தில் தெருவில் மாடிக்கு மாடி வேட்டிகள். அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டாதே, முதலில் குடிக்க, பிறகு உலைக்கு என்று அவள் வரிசை சொல்ல ஆரம்பித்தபோது எனக்கு ஆச்சியின் குரல் கேட்டது. மாடியில் மணலைக் கொட்டி, காற்றுக்கு மறைவாக அடுப்பு மூட்டி, உடைந்த பெட்டிப் பலகையை எரித்து நாலு வீட்டுக்கும் ஒரே கஞ்சி. மாவட்டத்து மீனவர்கள் படகுகளைத் தூக்கிக்கொண்டு போய் வயலிலும் தெருவிலும் சிக்கிக்கிடந்தவர்களை மீட்டார்கள். அந்த நாட்களில் எங்கள் தெருவில் கலங்காமல் இருந்தவர்கள் பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு வீரம் கூடுதல் என்பதில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு நாளை ஓட்டுவது எப்படி என்று சின்ன வயதில், சிரிப்பும் பாட்டுமாக, திருவிழா மணலில் பழகியிருந்தார்கள்.

இதைப் பள்ளிக்கூடத்துப் பாடமாக வைத்தால் வராது. பேரிடர்ப் பயிற்சி என்று பலகை மாட்டினாலும் வராது. கூடப் படுத்து, கூடத் தோண்டி, பசியோடு தணலைச் சுற்றி உட்கார்ந்தால் தானாக வரும். பேரனுக்கு வந்திருக்கிறது. அந்த நாட்டில் அதற்குக் கடை கடையாகச் சாமான் விற்கிறார்கள். நமக்கு அவ்வளவும் வேண்டாம். ஒரு தார்ப்பாய், ஒரு சட்டி, ஒரு சிரட்டை போதும்.

மணப்பாட்டுக்கோ, உவரி அந்தோனியார் கோவிலுக்கோ, ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கோ போகிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போலீஸும் வனத்துறையும் தங்க அனுமதிக்கும் இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வானிலை அறிவிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கே வேனைத் திருப்பாமல் ஒரு ராத்திரி பிள்ளைகளைத் தரையில் படுக்க விடுங்கள். செல்போனை அணைத்துவிட்டு வெள்ளிகளைக் காட்டுங்கள். மணப்பாட்டிலும் உவரியிலும் ஊற்று எங்கே என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள், இன்னும் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். ஊறிய தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். கிளம்பும்போது குழியை மூடிவிட்டு, கொண்டுபோன பிளாஸ்டிக் அத்தனையையும் வீட்டுக்கே எடுத்து வந்துவிடுங்கள்.